அசிட்ரோம் போடும் அப்பாவுக்குப் பல் வீக்க மாத்திரையும் சேர்த்துத் தரலாமா?

கேட்டவர்: காவிரிக்கரை
அப்பாவுக்கு 64 வயது. இதயத்தில் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு மெட்டல் வால்வு வைத்திருக்கிறது, ரத்தம் கட்டாமல் இருக்க தினமும் ராத்திரி அசிட்ரோம் மாத்திரை. ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு, ரொம்ப ஏறினால் ரத்தம் கசியும்) 2.5-லிருந்து 3.5-க்குள் இருக்கணும் என்று சொல்லியிருக்கிறார்கள். இப்போது கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்துக் கன்னம் வீங்கிவிட்டது. பல் டாக்டர் கிருமிக்கு அமாக்ஸிசிலின், மெட்ரோனிடசோல், வலிக்கு அசிக்ளோஃபினாக் என்று 5 நாளைக்கு எழுதியிருக்கிறார். அசிட்ரோம் போடுவதைச் சொன்னீங்களாப்பா என்றால், "அவர் கேட்கலையே" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை வேறு, இதய டாக்டர் போனை எடுக்கவில்லை. பேசாமல் 5 நாளைக்கு அசிட்ரோமை நிறுத்திவிடலாமா?

மருந்துக்கடை_அண்ணன்
நிறுத்தவே நிறுத்தாதீங்க. மெட்டல் வால்வில் ரத்தம் கட்டிக்கொண்டால் வால்வே அசையாமல் போகலாம், கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்.
அசிட்ரோமை உடைத்து வெளியேற்றுவது கல்லீரலில் இருக்கும் ஒரு நொதி. மெட்ரோனிடசோல் அந்த நொதியைத்தான் அமுக்குகிறது, அதனால் அப்பா வழக்கமான அளவையே போட்டாலும் கூடுதலாகப் போட்ட மாதிரி ஆகி ஐஎன்ஆர் ஏறும். அசிக்ளோஃபினாக் கதை வேறு: அது வயிற்றின் உட்பூச்சைப் புண்ணாக்கும், ரத்தத் தட்டுகள் ஒட்டுவதையும் குறைக்கும், ஆக ஐஎன்ஆர் சரியாக இருக்கும்போதே வயிற்றுக்குள் ரத்தம் கசியலாம். வலிக்கு பாராசிட்டமால் தேவலை, அதையும் நாள்கணக்கில் முழு அளவில் போட்டால் ஐஎன்ஆர் கொஞ்சம் ஏறும்.

பழைய_நோயாளி
ரொம்பப் பயமுறுத்தாதீங்க அண்ணே. நானும் வால்வு வைத்தவன்தான், மெட்ரோஜில் (அதே மெட்ரோனிடசோல்தான்) போட்டிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை.

மருந்துக்கடை_அண்ணன்
நல்லதுதான், ஆனா எல்லாருக்கும் அப்படி இருக்காது. சிலருக்கு ஐஎன்ஆர் 3-லிருந்து 6, 7-க்குக்கூடப் போகும், வெளியே ஒன்றும் தெரியாது. கட்டாயம் மெட்ரோனிடசோல் வேணும் என்று டாக்டர் சொன்னால் 3, 4 நாளிலேயே ரத்தம் எடுத்துப் பார்த்து அசிட்ரோம் அளவைக் குறைப்பார்கள். கோர்ஸ் முடிந்ததும் மறுபடி பார்க்கணும், ஏனென்றால் அப்போது ஐஎன்ஆர் இறங்கும். இதைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

காவிரிக்கரை
நேற்று ராத்திரி மூன்றும் ஒரு வேளை கொடுத்தாச்சே?

வார்டு_சிஸ்டர்
ஒரு வேளையில் ஐஎன்ஆர் தாவிவிடாது தங்கச்சி, பதறாதீங்க. அடுத்த வேளை அசிக்ளோஃபினாக்கைக் கொடுக்காதீங்க. அமாக்ஸிசிலினை நீங்களா நிறுத்தவேண்டாம், வால்வு இருக்கிறவருக்குப் பல் சீழை அப்படியே விடக்கூடாது, கிருமி ரத்தம் வழியாக வால்வில் போய் உட்காரும். மெட்ரோனிடசோல் வேணுமா வேணாமா என்பதை டாக்டர்தான் சொல்லணும், அதனால் இன்றைக்கே கேஷுவாலிட்டி இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போய் எல்லா மாத்திரை அட்டையையும் ஐஎன்ஆர் நோட்டையும் மேஜைமேல் வையுங்க. வாயால் சொன்னால் பாதி விட்டுப்போகும்.
மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ, சிறுநீர் சிவந்தாலோ, மூக்கில் ரத்தம் நிற்காவிட்டாலோ, திடீரென்று கடுமையான தலைவலி வந்தாலோ காத்திருக்காதீங்க. வாயைத் திறக்கவோ விழுங்கவோ முடியவில்லை என்றாலும் அப்படித்தான்.

காவிரிக்கரை
கேஷுவாலிட்டியில் காட்டிவிட்டோம். ஐஎன்ஆர் 3.1. அசிக்ளோஃபினாக், மெட்ரோனிடசோல் இரண்டையும் எடுத்துவிட்டு அமாக்ஸிசிலினும் பாராசிட்டமாலும் மட்டும் போடச் சொன்னார்கள். புதன்கிழமை திரும்ப ரத்தம் எடுக்கணும், பல்லைப் பிடுங்குவது பற்றி இதய டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவு செய்வார்களாம். அப்பாவுக்கு முருங்கைக்கீரை போடலாமா?

வார்டு_சிஸ்டர்
கீரையில் இருக்கும் வைட்டமின் கே அசிட்ரோம் வேலையைக் குறைக்கும், அதனால் எப்போதும் சாப்பிடுகிற அளவிலேயே போடுங்க, திடீரென்று கூட்டவும் வேணாம், அடியோடு நிறுத்தவும் வேணாம்.