டிக்கெட் இலவசம் சரி, வண்டி எங்கே?

கரிசல்காட்டான்:
2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. நல்ல திட்டம்தான், என் அம்மாவும் அதில்தான் போகிறார். ஆனால் எங்கள் ஊருக்கு நாள் முழுக்க நாலே ட்ரிப். போன மாதம் சர்க்கரை மாத்திரை வாங்க அம்மா ஜி.எச்.சுக்குக் கிளம்பினார். காலை 7.40 வண்டி வரவில்லை. ஆலமரத்தடியில் உட்கார்ந்திருந்து 10.15 வண்டியைப் பிடித்துப் போனால், ஓ.பி. சீட்டு முடிந்துவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் ஆட்டோவுக்கு 250 ரூபாய். இலவசத்துக்குக் கொடுக்கும் பணத்தில் கொஞ்சம் எடுத்து வண்டியைக் கூட்டினால் என்ன?

வெண்ணிலா:
அந்தக் கொஞ்சத்தை யாரிடமிருந்து எடுப்பீர்கள் அண்ணா? நான் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். இரண்டு பஸ் மாறி வரவேண்டும். முன்பெல்லாம் மாதம் ஆயிரம் ரூபாய் பஸ்ஸுக்கே போகும். 25-ஆம் தேதிக்கு மேல் ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு நடப்பேன். மாநிலத் திட்டக் குழு நடத்திய ஆய்வில் பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று வந்தது. எங்கள் வீட்டில் அதுதான் கேஸ் சிலிண்டர். வண்டி வராததற்கு எங்கள் டிக்கெட்டைக் காரணம் காட்டாதீர்கள். அந்தத் தொகையை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடு கட்டுகிறது.

ஸ்டியரிங் பிடித்தவன்:
19 வருடம் டவுன் பஸ் ஓட்டியவன் சொல்கிறேன். ஆள் இல்லை, அதுதான் பிரச்சினை. ஒரு டிரைவர் லீவு போட்டால் எந்த ட்ரிப்பை வெட்டுவது? கலெக்‌ஷன் குறைந்த கிராமத்து ட்ரிப்பைத்தான்.

முன்பு நைட் ஹால்ட் வண்டி நிறைய இருந்தது. ராத்திரி ஊரிலேயே நிற்கும், விடிகாலை 5 மணிக்கு அங்கிருந்தே முதல் ட்ரிப் எடுப்போம். பால்காரர், பூக்காரம்மா, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் எல்லாரும் அதில்தான். ஆனால் நாங்கள் படுத்தது பஸ் சீட்டில். கழிப்பறை கிடையாது, கொசுக்கடி வேறு. அந்த டூட்டி என்றாலே எல்லாரும் நழுவினோம்.

கரிசல்காட்டான்:
வெண்ணிலா, நீங்கள் சொன்னது சரி. டிக்கெட் பணத்தில் கை வைக்கச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஆள் இல்லை என்பதை நாங்கள் எத்தனை வருடம் கேட்டுக்கொண்டிருப்பது? 2025 ஜூனில் தஞ்சாவூரில், தனியார் ஓட்டும் புது மினி பஸ் திட்டம் தொடங்கினார்கள். 1997-லும் மினி பஸ் வந்தது. எங்கள் ஊருக்கு வந்த வண்டி, ஆள் ஏறவில்லை என்று கொஞ்ச வருடத்தில் நின்றுபோனது. தனியாரைக் குற்றம் சொல்லமாட்டேன், டீசல் காசு தேறாமல் எப்படி ஓட்டுவார்? அதனால்தான் கழக வண்டி வேண்டும் என்கிறேன்.

ஸ்டியரிங் பிடித்தவன்:
அப்படியென்றால் ஒரு நோட்டு போடுங்கள் தம்பி. எந்த ட்ரிப் எத்தனை மணிக்கு வந்தது, எது கட் ஆனது, முப்பது நாள் எழுதுங்கள். அதைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானம் போட்டு டிப்போ மேனேஜரிடம் கொடுங்கள். வாயால் சொன்னால், வண்டி போனதே என்பார்கள். கூடவே, தங்க ஓர் அறையும் கழிப்பறையும் தருகிறோம் என்று எழுதுங்கள், நைட் ஹால்ட் கேட்க முடியும்.

வெண்ணிலா:
காலை வண்டியோடு நிறுத்திவிடாதீர்கள். எங்கள் கடை மூடுவது இரவு 8.30, ஊருக்குக் கடைசி வண்டி 8.10. இருபது நிமிடம் முன்னால் விடச் சொல்லிக் கேட்டதற்காகவே கூட வேலை பார்த்த இரண்டு பேரை நிறுத்திவிட்டார்கள். அந்தக் கடைசி வண்டியை 9 மணிக்கு எடுக்கச் சொல்லி முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.