ஸ்லீவ் ஆபரேஷனுக்குப் பிறகு எடை நின்றுவிட்டது, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். எடை குறைய இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து ஏழு மாதம் ஆகிறது. 118 கிலோவில் இருந்து மளமளவென்று இறங்கி, இப்போது ஐந்து வாரமாக அதே 91. ஆபரேஷன் ஆன மூன்றாவது வாரத்திலும் இப்படி நின்றது. பலருக்கும் வருவதுதான் என்றார் டாக்டர், தானாகவே சரியானது. இந்த முறை பயமாக இருக்கிறது.

தினம் 60 கிராம் புரதம் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நான் சைவம், முட்டையும் கிடையாது. பன்னீர், சுண்டல், தயிர் எதுவானாலும் நாலு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. 40-ஐத் தாண்ட முடியவில்லை. ஆனால் சாயங்காலம் முறுக்கு மட்டும் சுலபமாக இறங்கிவிடுகிறது. அதுதான் காரணமோ? நடைப்பயிற்சியை ஒருநாளும் விட்டதில்லை. ஜாக்கெட் என்னவோ தளர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

சைவத்திலேயே புரதத்தை எப்படி நிரப்பினீர்கள்? டம்பெல்ஸ் பயிற்சி தொடங்கியவர்களுக்கு மாற்றம் தெரிந்ததா? அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கிறேன். அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.