புது இம்பெல்லர் போட்டும் 15 குதிரை எஞ்சின் சூடாகிறது

வாழைச்சேனைப் பொடியன்:

அண்ணன்மாருக்கு வணக்கம். வாழைச்சேனைப் பக்கம் ஒரு படகுத் தளத்தில் எட்டு மாதமாக வேலை பார்க்கிறேன். முதல் மோட்டார் சைக்கிள் கராஜில் இருந்தவன். கார்புரேட்டர், பிளக் எல்லாம் கைக்குப் பழக்கம். கடல் எஞ்சின்தான் ஆட்டிவைக்கிறது.

வள்ளத்தின் பின்னால் மாட்டுகிற பழைய யமஹா எஞ்சின், 15 குதிரைவலு, டூ ஸ்ட்ரோக். சூடாகிறது என்று கொண்டுவந்தார்கள். லெக்கை, அதாவது எஞ்சினின் கீழ்க் கால் பகுதியை இறக்கி, குளிர்விக்கிற தண்ணீரை மேலே ஏற்றும் ரப்பர்ச் சக்கரமான இம்பெல்லரை மாற்றினேன். டிரம்மில் தண்ணீர் நிரப்பி ஓட்டிப் பார்த்தபோது பின் துளையால் தண்ணீர் வந்தது. கொஞ்சம் மெலிவுதான், ஆனாலும் வந்தது. சரி என்று கொடுத்துவிட்டேன். மறுநாள் விடியற்காலை ஆற்றுவாயைத் தாண்டி முழு வேகம் வைத்திருக்கிறார்கள், கால் மணித்தியாலத்தில் இழுவை குறைந்து நின்றுவிட்டது. பக்கத்து வள்ளம்தான் கட்டி இழுத்து வந்தது. ஆறிய பிறகு ஸ்டார்ட் வருகிறது, அந்த மட்டில் பிழைத்தேன்.

வள்ளக்காரர் எல்லார் முன்னாலும், "நீ சைக்கிள் ரியூப் ஒட்டத்தான் சரி" என்றார். எங்கள் பாஸ் ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் கூடச் சுடுகிறது. இனி எதைப் பார்க்க வேண்டும்?

பாலமீன்மடு பழசு:

தம்பி, கழற்றின பழைய இம்பெல்லரில் இதழ் எல்லாம் இருந்ததா? எண்ணிப் பார்த்தாயா?

வாழைச்சேனைப் பொடியன்:

இரண்டு இதழ் இல்லை அண்ணன். தேய்ந்துபோயிருக்கும் என்று நினைத்தேன்.

பாலமீன்மடு பழசு:

இதழ் அப்படி அடியோடு தேயாது, முறியும். முறிந்த துண்டு எங்கே போகும்? தண்ணீரோடு மேலே ஏறும். உன் இரண்டு இதழும் இப்போது அந்த எஞ்சினுக்குள்ளேதான் கிடக்கும். டிரம்மில் எஞ்சினுக்குப் பாரம் இல்லை, கொஞ்சத் தண்ணீரே அதற்குப் போதும். கடலில் வலையும் ஆளுமாக முழு வேகம் வைக்கும்போதுதான் அடைப்புத் தெரியவரும்.

மறுபடி இறக்கு. பம்பிலிருந்து மேலே போகிற நீளக் குழாய்க்குள் டோர்ச் அடித்துப் பார். நான் பழைய பிரேக் கேபிள் கம்பியின் நுனியை லேசாக வளைத்து விட்டுத் துழாவுவேன், கராஜில் இருந்த உனக்கு அதற்குப் பஞ்சம் இருக்காது. காற்று அடிப்பதானால் மேலே தெர்மோஸ்டாட் (சூட்டுக்குத் திறந்து தண்ணீர் விடுகிற வால்வு) மூடியைக் கழற்றி அங்கிருந்து கீழ்நோக்கி அடி. கீழிருந்து அடித்தால் துண்டு இன்னும் உள்ளே போய்ச் சிலிண்டர் பக்கம் குந்திக்கொள்ளும். தெர்மோஸ்டாட்டையும் வெந்நீரில் போட்டுப் பார், திறக்காவிட்டால் மாற்று. மூடி போல்ட்டில் கவனம். உப்பு ஏறி அலுமினியத்தோடு ஒட்டியிருக்கும். கொஞ்சம் சூடு காட்டி, முதலில் இறுக்குகிற பக்கம் மயிரிழை அசைத்து, மறுகா தளர்த்து.

லெக்கை ஏற்றும்போது அந்தக் குழாய் ரப்பர் வாசலில் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்துக்கொள். சுனாமிக்கு அடுத்த வருடம், 2005இல், நிவாரண எஞ்சின்கள் வந்து குவிந்த நேரம், அவசரத்தில் ஒன்றை அப்படியே ஏற்றிவிட்டேன். தண்ணீரெல்லாம் லெக்குக்குள்ளேயே ஊற்றி, பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டது. சம்பளத்தில் மாதம் மாதம் கழித்தார்கள். வீட்டில் இன்றைக்கும் அந்தக் கதை ஓடுகிறது.

ஒலுவில் காக்கா:

பழசு சொல்வது சரி. ஆனால் மணலை விட்டுவிட்டார். எங்கள் ஊர்த் துறைமுகம் 2013இல் திறந்தது, வாயை மணல் மூடுவதும் தோண்டுவதுமாகக் காலம் போகிறது. ஆழமில்லாத இடத்தில் எஞ்சின் தண்ணீரோடு மணலையும் குடிக்கும். இம்பெல்லர் சுற்றுகிற எவர்சில்வர் கிண்ணத்தை நகத்தால் தடவிப் பாருங்கள் தம்பி. நகம் சிக்கினால் அதையும் மாற்றத்தான் வேண்டும், புது ரப்பர் மட்டும் போட்டு ஆகாது. தண்ணீர் மெலிவாக வந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

மணல் திட்டில் எஞ்சினைத் தூக்கிவிட்டுத் தடி ஊன்றிப் போகச் சொல்லுங்கள். கேட்கமாட்டார்கள், நானும் இருபது வருடமாகச் சொல்கிறேன். கையோடு புரப்பெல்லரையும் கழற்றி, தண்டில் தங்கூசி, அதுதான் மீன்பிடி நைலோன் நூல், சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். அது தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கிற ரப்பர் சீல் வளையத்தை அறுத்துவிடும். கியர் ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம்.

வாழைச்சேனைப் பொடியன்:

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். ஒரு துண்டு குழாயின் மேல் முனையில், குறுக்காக நின்றது. மற்றது தெர்மோஸ்டாட்டுக்கு அடியில். பாக்குச் சீவல் அளவுதான் இரண்டும். கிண்ணத்தில் காக்கா சொன்ன கீறலும் இருந்தது, புதிது போட்டேன். கியர் ஒயில் நல்ல நிறம்.

துண்டுகளைப் பழைய இம்பெல்லரில் பொருத்திப் பாஸிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தேத்தண்ணி குடிச்சியா?" என்றார். இன்று வள்ளம் விடியப் போய் மத்தியானம் தன்பாட்டில் கரைக்கு வந்தது. வள்ளக்காரர் என் பக்கம் திரும்பவில்லை, ஒரு பாரைக்குட்டியை மட்டும் மேசையில் போட்டுவிட்டுப் போனார்.

ஒரு சிக்கல். மூடி போல்ட் ஒன்று முறிந்து பாதி உள்ளே நிற்கிறது. மற்ற போல்ட்டுகளில்தான் மூடி இப்போதைக்கு நிற்கிறது, கசிவு இல்லை. அதை எடுக்க வழி உண்டா?

பாலமீன்மடு பழசு:

சூடு காட்டினாயா?

வாழைச்சேனைப் பொடியன்:

இல்லை அண்ணன்.