லைப்ரரியில் சந்திக்கலாம் என்று மெயில் வந்திருக்கிறது, பையனை எப்படித் தயார் செய்வது?

எடிசன்_அம்மா:
வணக்கம். மகன் பன்னிரண்டாவது படிக்கிறான், இங்கே நியூ ஜெர்ஸியில். நவம்பர் 1 கெடுவுக்குள் அமெரிக்காவின் எம்ஐடிக்கு (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரி) விண்ணப்பித்தான். நேற்று அங்கே படித்த ஒருவரிடமிருந்து மெயில்: அட்மிஷன் இன்டர்வியூவுக்காகச் சனிக்கிழமை பதினொரு மணிக்கு டவுன் லைப்ரரியில் முக்கால் மணி நேரம் பேசலாமா என்று.

என் பையன் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிறவன். வீட்டுக்கு யாராவது வந்தால் ‘ஹாய் அங்கிள்’ சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விடுவான். ரோபாட்டிக்ஸ், எஸ்ஏடி நுழைவுத் தேர்வு, விண்ணப்பக் கட்டுரை என்று இத்தனை வருஷம் பட்ட பாடெல்லாம் அந்த முக்கால் மணி நேரத்தில் வீணாகிவிடுமோ என்று தூக்கம் வரவில்லை. கோட் போட வேண்டுமா? ரெஸ்யூமே கொண்டுபோகலாமா? அவன் அப்பா 300 டாலர் கட்டி ஒரு பயிற்சி வகுப்பில் விடலாம் என்கிறார். நானும் கூடப் போய் உட்காரலாமா?

டெக்சஸ்_ரவி:
கோட் வேண்டாம் மேடம். எங்கள் பையன் கோட், டை சகிதம் போனான். வந்தவர் ஹூடியில் இருந்தார். இரண்டு பேருக்குமே சங்கடம்.

பழைய_பெஞ்ச்:
நான் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காருகிற ஆள். எம்ஐடி இல்லை, வேறு கல்லூரி, பெயர் வேண்டாம். பதினொரு வருஷமாகச் செய்கிறேன். சம்பளம் கிடையாது, காபிகூட என் காசுதான்.

முதலில் ஒன்று. எனக்கு வருகிற பிள்ளையின் மார்க் தெரியாது, எஸ்ஏடி தெரியாது, கட்டுரையையும் காட்ட மாட்டார்கள். பெயர், பள்ளி, மெயில், போன் நம்பர், அவ்வளவுதான். பேசி முடித்து ஒரு பக்கம் எழுதி அனுப்புவேன். அது ஃபைலில் போய்ச் சேரும். முடிவு அட்மிஷன் ஆபீஸுடையது. இதுவரை 43 பேரைப் பார்த்திருக்கிறேன், மூன்று பேருக்கு இடம் கிடைத்தது. அதில் ஒரு பெண்ணைப் பற்றி நான் சுமாராகத்தான் எழுதியிருந்தேன். என் எழுத்துக்கு எவ்வளவு எடை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கல்லூரிகளே இதில் ஆளுக்கொரு பக்கம் நிற்கின்றன. பிரவுன் இன்டர்வியூவை விட்டுவிட்டு ஒரு சின்ன வீடியோ அனுப்பச் சொல்கிறது. கொலம்பியாவும் நிறுத்திவிட்டது. எம்ஐடி விடவில்லை. அங்கே இந்த வேலை பார்க்கிற முன்னாள் மாணவர்களுக்கு ‘எஜுகேஷனல் கவுன்சிலர்’ என்று பெயரே உண்டு.

பயிற்சி வகுப்பு பற்றிக் கேட்டீர்கள். ஒரு பையன் கதை சொல்கிறேன், அடையாளம் தெரியாமல் கொஞ்சம் மாற்றி. கையில் பிளாஸ்டிக் ஃபோல்டரோடு வந்தான். நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது. தலைமைப் பண்பு, சமூகத்துக்குத் திருப்பித் தருவது, தோல்வியிலிருந்து கற்றது. எங்கேயோ போய்ப் படித்துவிட்டு வந்திருக்கிறான். இருபது நிமிஷம் ஓடியும் என் நோட்டில் ஒரு வரி இல்லை. சரி என்று, “போன சனிக்கிழமை என்ன செய்தாய்?” என்றேன். முகம் மாறிவிட்டது. மாமாவின் கேஸ் ஸ்டேஷனில் நின்றேன் என்றான், ஏதோ தப்பை ஒப்புக்கொள்கிற குரலில்.

நியூ ஜெர்ஸியில் நாமே பெட்ரோல் போட்டுக்கொள்ளக் கூடாதே, சட்டப்படி ஆள்தான் போட வேண்டும். அந்த ஆள் இவன். ஜனவரிக் குளிரில் கையுறையோடு கிரெடிட் கார்டை வாங்க முடியாது, கையுறை இல்லாமல் இரும்பைப் பிடிக்க முடியாது. அதனால் இடது கைக்கு மட்டும் கையுறை, வலது கை சட்டைப் பைக்குள் என்று எழுந்து நின்று செய்தே காட்டினான். மாத ஆரம்பத்தில் ‘ஃபுல்’ என்கிற வண்டிகளில் எவையெல்லாம் கடைசி வாரம் பத்து டாலருக்கு இறங்குகின்றன என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறான். எதற்கு என்றால், “சும்மாதான் அங்கிள், போரடிக்கும்.” ஃபோல்டரில் இது எதுவும் இல்லை. அப்பா எழுத வேண்டாம் என்றாராம்.

கதை நேரத்துக்குக் குழந்தைகள் வந்து எங்களை மேஜையிலிருந்து கிளப்பும்வரை பேசினோம். ராத்திரி எழுதிய பக்கம் முழுக்க அந்த ஒற்றைக் கையுறைதான். இடம் கிடைக்கவில்லை. எனக்கு ஒரு வாரம் மனசே சரியில்லை.

ஆகவே 300 டாலரை மிச்சம் பிடியுங்கள். ரெஸ்யூமே அவர் கேட்டால் மட்டும். நீங்கள் கூட உட்காராதீர்கள். ஒரு அப்பா பக்கத்து மேஜையில் இருந்தார், பையன் ஒவ்வொரு பதிலுக்கும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தான். மெயிலுக்கும் அவனே பதில் போடட்டும், இன்றைக்கே. பிள்ளை பெயரில் வந்த ஒரு மெயிலின் கடைசி வரியில் ‘என் மகனுக்கு ஞாயிறு வசதி’ என்று இருந்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.

பே_ஏரியா_சாரதி:
இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது அண்ணா. ஆனால் அட்மிஷனில் ஆசியப் பிள்ளைகளை ஒதுக்குகிறார்கள் என்று ஹார்வர்டு மேல் போட்ட வழக்கில் என்ன வெளியே வந்தது? நம்மைப் போன்ற ஆசியப் பிள்ளைகளுக்கு ஆளுமை மதிப்பெண்ணைக் குறைத்துப் போட்டார்கள் என்றுதானே. நேரில் கூப்பிட்டுப் பேசுவதே அதற்குத்தான் என்பது என் எண்ணம்.

பழைய_பெஞ்ச்:
சாரதி, அந்த வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018 அக்டோபரில் பாஸ்டனில் விசாரணை நடந்தபோது வாதித் தரப்பு வைத்த வாதம், பிள்ளைகளைச் சந்திக்காமல் ஃபைலை மட்டும் பார்த்த அட்மிஷன் ஆட்கள்தான் ஆசியப் பிள்ளைகளுக்கு ஆளுமையில் குறைத்துப் போட்டார்கள் என்பது. நேரில் சந்தித்த முன்னாள் மாணவர்கள் போட்டது வெள்ளைப் பிள்ளைகளுக்குப் போட்டதை ஒட்டியே இருந்தது என்றார்கள். 2019இல் கீழ்க்கோர்ட் ஹார்வர்டு பக்கம் நின்றது, 2023 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் மாற்றிவிட்டது, அது வேறு கதை.

ஆனால் உங்கள் சந்தேகத்துக்கு வேர் உண்டு. 1922இல் ஹார்வர்டு தலைவர் லோவெல் யூத மாணவர்களுக்கு 15 விழுக்காடு உச்சவரம்பு வைக்கப் பார்த்தார். நேரடியாக முடியவில்லை. 1926 வாக்கில் போட்டோ கேட்டார்கள், ‘குணநலன்’ பார்த்தார்கள், எண்ணிக்கை தானாகக் குறைந்தது. ஆளைப் பார்த்து எடை போடுகிற பழக்கம் வளர்ந்த காலம் அது. எழுத உட்காரும்போது எனக்கு இது நினைவுக்கு வராமல் இல்லை. அதனால் ‘நல்ல பையன்’, ‘அமைதியானவன்’ என்று எழுதுவதை விட்டுவிட்டேன். என்ன சொன்னான், என்ன செய்து காட்டினான், அது மட்டும்.

மீனா_சிகாகோ:
எங்கள் பெண்ணுக்கு மெயிலே வரவில்லை. கழித்துவிட்டார்களா?

பழைய_பெஞ்ச்:
இல்லை அம்மா. உங்கள் பகுதியில் ஆள் இல்லை, அவ்வளவுதான். எங்கள் கவுண்டியில் நாங்கள் ஆறு பேர், விண்ணப்பம் அதைப் போலப் பல மடங்கு. கூப்பிடாததற்காகக் குறைக்க மாட்டோம் என்று கல்லூரிகளே எழுதிவைத்திருக்கின்றன.

எடிசன்_அம்மா:
இன்று போய் வந்தோம். நான் பார்க்கிங்கில் காரிலேயே இருந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று கோட்டை டிக்கியில் போட்டிருந்தேன், எடுக்கவில்லை. முக்கால் மணி என்றவர் ஒரு மணி பத்து நிமிஷம் கழித்து விட்டார். என்னடா கேட்டார் என்றால் ‘ஸ்டஃப்’ என்கிறான். நீ என்ன சொன்னாய் என்றால் அதற்கும் ‘ஸ்டஃப்’தான். நன்றி சொல்லி மெயில் போடச் சொன்னேன். காரிலேயே போட்டுவிட்டானாம். காட்டு என்றேன், காட்டவில்லை.