முழு உருவப் படத்தில் தலை பெரிசு, கால் குட்டை: எப்படிச் சரிசெய்வது?

கேள்வி:
வணக்கம். ரங்கூனில் நடு ஊரில் இருக்கிறோம், 12½ அடி அகலம் 50 அடி நீளம் என்கிற வழக்கமான பிளாட்தான். போன வாரம் அக்கா மகளுக்கு மஞ்சள் நீராட்டு. பட்டுப் பாவாடை தாவணியோடு தலை முதல் கால் வரை நான்தான் படம் எடுத்தேன். கிராப் சென்சார் (சிறிய சென்சார்) கேமரா, அதோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸ், அதிக அகலம் காட்டும் 18-இல் வைத்து, ஒரு பக்கச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்று எடுத்தது. தலை பெரிசாக வந்து, இடுப்புக்குக் கீழே குறுகிக்கொண்டே போய், பாதம் பொம்மைக் கால் மாதிரி இருக்கிறது. பின்னால் உள்ள கதவு நிலைகூடக் கீழே ஒடுங்குகிறது. பிள்ளை பார்த்துவிட்டு "மாமா, நான் இவ்வளவு குட்டையா?" என்று கேட்டது, அதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. லைட்ரூம் என்கிற படம் திருத்தும் மென்பொருளில் லென்ஸ் கரெக்‌ஷனை டிக் செய்து பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை. காப்பாற்ற முடியுமா?

பதில் 1:
முடியும் தம்பி, பாதியளவுக்கு. லென்ஸ் கரெக்‌ஷன் லென்ஸின் வளைவை மட்டும்தான் நிமிர்த்தும். உங்கள் படத்தில் கோளாறு வேறு. கேமரா உங்கள் கண் உயரத்தில் இருந்திருக்கும், பாதமும் வரவேண்டுமே என்று கீழே சாய்த்திருப்பீர்கள். 18-இல் 5 அடிப் பிள்ளையை ஃப்ரேம் நிறைய எடுக்க 4½ அடிக்குப் போயாக வேண்டும், அந்தக் கிட்டத்தில் அப்படிச் சாய்த்தால் தலை பாதத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெரிதாக விழும். அதே உயரத்தில் நின்று 14 அடி தள்ளி, தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் 55-இல் எடுத்திருந்தால் அந்த வித்தியாசம் பத்து சதவீதம்கூட வந்திருக்காது.

இப்போது லைட்ரூமில் டிரான்ஸ்ஃபார்ம் பகுதிக்குப் போய் கைடட் என்பதை எடுத்து, கதவு நிலையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோடு இழுங்கள். நிலை நேராகும்போது காலும் அகலமாகும். உடம்பு நீண்டோ சப்பையாகவோ தெரிந்தால் ஆஸ்பெக்ட் (நீள அகல விகிதம்) என்பதை மெல்ல நகர்த்துங்கள். ஓரங்கள் வெட்டுப்படும், சுற்றி இடம் விட்டு எடுத்திருந்தால்தான் தப்பிக்கலாம். லைட்ரூம் இல்லாதவர்களுக்கு இலவச மென்பொருளான கிம்பில் பெர்ஸ்பெக்டிவ் கருவி இருக்கிறது, போனில் என்றால் ஸ்னாப்சீட் ஆப்.

ஒன்று மட்டும் மாறாது. பிள்ளை கையில் தாம்பாளத்தை முன்னால் நீட்டிப் பிடித்திருந்தால் அந்தக் கை பெரிசாகத்தான் இருக்கும். கிட்ட நின்று எடுத்ததை எந்த மென்பொருளும் தள்ளி நின்று எடுத்ததாக மாற்றாது.

பதில் 2:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் திரும்ப எடுக்க வாய்ப்பிருந்தால் தயவுசெய்து திரும்ப எடுங்கள். 12½ அடிக்குள் ஏன் முட்டி மோத வேண்டும், வீட்டுக்கு 50 அடி நீளம் இருக்கிறதே! பால்கனிப் பக்கம் உங்கள் முதுகு இருக்கட்டும், பிள்ளை உள்ளே தள்ளி நிற்கட்டும். நம் பிளாட்டுகளில் வெளிச்சமே அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது, அது நேராக அவள் முகத்தில் விழும், கரண்ட் போனாலும் கவலையில்லை. லென்ஸ் 50-க்கும் 55-க்கும் நடுவே. அப்புறம் முட்டி போடுங்கள். கேமரா அவள் இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டால் மேலே பாதி கீழே பாதி தானாக அடங்கும், சாய்க்கவே தேவையில்லை. கேமராவின் முதுகு சுவர் மாதிரி செங்குத்தாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். இன்னும் தாழ்ந்து தரையோடு வைத்து அண்ணாந்து எடுத்துவிடாதீர்கள், தாடையும் மூக்குத் துவாரமும்தான் தெரியும்.

பதில் 3:
காலை மட்டும் தேய்த்து நீட்டுகிற லிக்விஃபை வேலை வேண்டவே வேண்டாம். பாவாடையின் சரிகைக் கரை அலை அலையாக நெளிந்துவிடும். எங்கள் வீட்டுக் கல்யாணப் படம் ஒன்று அப்படிக் கெட்டது, இன்றும் அதைச் சுவரில் மாட்ட மனமில்லை. குரூப் படத்திலும் கவனம், வைட் லென்ஸ் ஓரத்தில் நிற்கிறவர்களை இழுத்து அகலமாக்கும். பெரியம்மாக்களை நடுவில் நிறுத்துங்கள். போனில் எடுக்கிறவர்கள் 2x ஜூம் வைத்துப் பின்னால் நகருங்கள்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. பழைய படத்தில் நிலை நேராகிவிட்டது, கால்களும் பரவாயில்லை, மேலே கொஞ்சம் வெட்டுப்பட்டதில் பூச்சரத்தின் நுனி போய்விட்டது. இன்று காலை அதே பாவாடையைக் கட்டச் சொல்லி, பால்கனியில் முட்டி போட்டு, 14 அடியில் 55 வைத்து எடுத்தேன். அக்கா பார்த்துவிட்டு, "இதைத்தான் ஊருக்கு அனுப்பணும்" என்றாள். பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை, போனை வாங்கித் தன் முகப்புப் படமாக வைத்துக்கொண்டது.