ஐடிஐ டர்னர் முடிச்சாச்சு, சிஎன்சிக்கு எதை முதல்ல பழகணும்?

கேள்வி:
தம்பி 2 வருஷ டர்னர் (லேத் வேலை) முடிச்சிருக்கான். நேரா சிஎன்சி (கம்ப்யூட்டர் ஓட்டுற மெஷின்) புரோகிராமிங் கோர்ஸா, இல்ல ஆபரேட்டர் வேலையா? ஃபினிஷிங்ல அளவு பிடிக்கிறதுதான் அவனுக்குத் தகராறு.

பதில் 1:
அளவெடுக்கத் தெரியாம ஜி-கோடு (மெஷினுக்கு எழுதுற கட்டளை) படிச்சுப் பிரயோஜனம் இல்லைங்க. ஆபரேட்டரா போகட்டும். மைக்ரோமீட்டர்ல பீஸைத் தொடுற ஆன்வில், ஸ்பிண்டில் ரெண்டு முகத்தையும் துடைச்சு, ஜீரோ பார்த்து, கடைசியில இருக்கிற ராட்செட் குமிழை மட்டும் திருகணும். திம்பிளை (அளவு கோடு போட்ட சுத்துற உருளை) பிடிச்சு இறுக்கினா அளவு குறைச்சுக் காட்டும். 25 h7 (சின்ன எச், ஷாஃப்டுக்கான டாலரன்ஸ், அதாவது அனுமதிச்ச அளவு வித்தியாசம்) ஷாஃப்ட்னா 24.979-க்கும் 25.000-க்கும் உள்ள இருக்கணும், அதுக்கு 0.02 மிமீ வரைக்கும்தான் காட்டுற வெர்னியர் ஆகாது.

பதில் 2:
அடுத்தது ஆஃப்செட், அதாவது டூல் நிலைக்கு மெஷின்ல கொடுக்குற திருத்தம். அதே ஷாஃப்ட்ல முதல் பீஸ் 25.03 வந்தா, 24.99-க்குக் கொண்டுவர வியர் (டூல் தேய்மானத் திருத்தம்) பக்கத்துல எக்ஸ்ல (விட்டத்துக்கான அச்சு) -0.04 சேர்க்கணும். ஃபேனக் கம்பெனி கன்ட்ரோல்ல "+இன்புட்" அமுக்கினாத்தான் ஏற்கெனவே இருக்கிறதோட கூடும். வெறும் "இன்புட்" பழைய மதிப்பை அழிச்சுடும். புதுசா வர்ற பசங்க அதிகம் தடுமாறுற இடம் இதுதான். -0.4னு அடிச்சா பீஸ் ஸ்கிராப்.

பதில் 3:
சக்குல (பீஸைப் பிடிக்கிற பாகம்) இருந்து எடுத்த சூட்டோட அளக்க விடாதீங்க. 50 மிமீ எஃகு 20 டிகிரி சூடேறினா 11 மைக்ரான் (0.011 மிமீ) மாதிரி கூடும். அதை நம்பி ஆஃப்செட் குறைச்சா, ஆறினதும் அண்டர்சைஸ், வேண்டிய அளவைவிடச் சின்னதா போயிடும். கூலன்ட்ல குளிர வெச்சு அளக்கட்டும்.

கேள்வி கேட்டவர்:
சூட்டோடதான் அளக்கிறான். சொல்லிடறேன்.