எல்லாருக்கும் தெரிந்திருந்தும் ஏன் யாரும் கேட்கவில்லை?

குடியாத்தம் ஆசிரியை:
2018-இல் ஆஸ்திரேலியாவில் வெளியான ‘தி டீச்சர்ஸ் பெட்’ என்ற பாட்காஸ்ட்டைக் கேட்டு முடித்தேன். 1982 ஜனவரியில் சிட்னியில் லினெட் டாசன் என்ற செவிலியர், இரண்டு பெண் குழந்தைகளின் தாய், காணாமற்போனார். உடற்கல்வி ஆசிரியரான அவருடைய கணவர் கிறிஸ் டாசன், தம் பள்ளி மாணவி ஒருவரைச் சில நாள்களிலேயே வீட்டுக்கு அழைத்து வந்து, 1984-இல் மணந்தும் கொண்டார். லினெட்டைக் கொன்றது கணவரே என்று பின்னாளில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் கொலையைவிட என்னை உலுக்கியது, அந்த உறவு பள்ளியில் பலருக்கும் தெரிந்தே இருந்தது என்பதுதான். அன்றைக்குத் தடுக்கச் சட்டம் இல்லையா? எங்கள் ஆசிரியர் கூட்டத்தில் இதைப் பேச விரும்புகிறேன்.

வேலூர் வழக்கறிஞர்:
சட்டம் இருந்தது, டீச்சர். 17 வயதுக்கு உட்பட்ட மாணவியுடன் ஆசிரியர் பாலுறவு கொள்வது, சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் அப்போதே குற்றம். 1980-இல் நடந்ததற்காக அதே பழைய பிரிவின் கீழ்தான் டாசன் 2023-இல் குற்றவாளி எனத் தீர்ப்பானது. கொலை வழக்கிலும் அப்படியே: 2001, 2003 ஆகிய ஆண்டுகளில் நடந்த இரண்டு மரண விசாரணைகளும் வழக்குத் தொடரப் பரிந்துரைத்தும் பயனில்லை, பாட்காஸ்ட் வெளியான ஆண்டின் டிசம்பரில்தான் கைது, 2022-இல்தான் 24 ஆண்டுச் சிறைத் தண்டனை. ஆகவே சட்டத்தைக் கையில் எடுக்க அன்று ஆளில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், காட்பாடி:
வழக்கறிஞர் சொல்வது சரி. வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த 1980-களில் இங்கும் அதே மனநிலைதான். ஒரு வாத்தியாரைப் பற்றிப் பேச்சு எழுந்தால், பள்ளியின் பெயர் கெடக்கூடாது, பெண்பிள்ளைக்கு நாளைக்கு வரன் அமைய வேண்டும் என்று சொல்லியே பெரியவர்கள் அதை மூடிவிடுவார்கள். அவருக்கு மாறுதல், பிள்ளைக்குப் படிப்பு நின்றுவிடும். அந்த மாறுதலும் பெரும்பாலும் ஜவ்வாது மலை போன்ற, கேட்பதற்கு ஆளில்லாத ஊருக்குத்தான் என்பதை நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை. அங்கேயும் பெண்பிள்ளைகள் படித்தார்கள் அல்லவா?

ஆம்பூர் தாய்:
ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 1990-களில் நாங்கள் படித்தபோது, இப்படியொரு செய்தி வந்தால் மாணவிகளான நாங்களே அந்தப் பெண்ணுடன் பேசுவதை நிறுத்திவிடுவோம். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளோ, அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது, அவர்தானே ஆசிரியர் என்று கேட்கிறாள். ஆனால் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் இன்றும் முதலில் அலசப்படுவது அந்தப் பெண்ணின் நடத்தைதான்.

வேலூர் வழக்கறிஞர்:
அம்மா சொல்வதை நீதிமன்றத்திலும் காண்கிறேன். டீச்சர், உங்கள் கூட்டத்தில், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19, 21-ஆம் பிரிவுகளை அவசியம் வாசித்துக் காட்டுங்கள். குற்றம் நடந்தது தெரிந்தும் காவல்துறைக்குத் தெரிவிக்காத, 18 வயது நிறைந்த எவரும் தண்டனைக்குரியவர். தம் கீழ்ப் பணியாற்றுபவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை. 18 வயது நிறையாத மாணவி சம்மதித்தாள் என்ற வாதம் எடுபடாது. உள்விசாரணை முடியட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. காவல் நிலையம் செல்லத் தயங்குபவர்கள் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம். அந்த எண்ணை மாணவிகளின் கண்ணில் படுமாறு எழுதி வையுங்கள்.